விமான வானொலிக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து அலைப்பட்டைக்கு

விமானத்தின் கோளாறுகளைப் பதியும் ஏடான டெக் லொக்கில் "ரேடியோ சரியில்லை" என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு விமானி வீட்டுக்குப் போய்விட்டால், மறுநாள் காலை ஹேங்கரில் நிற்பவருக்கு அந்த இரண்டு சொற்களால் எந்தப் பயனும் இல்லை. ஒரு சிறிய பயிற்சி விமானத்தில்கூட 190 கிலோஹெர்ட்ஸ் தொடக்கம் 1,575 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழெட்டு அலைப்பட்டைகளில் கருவிகள் இயங்குகின்றன. பெரிய விமானங்களில் இது 9 கிகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். ஒவ்வொரு பட்டையும் பழுதாகும் விதம் வேறு. பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோற்றமளிக்கும் விதமும் வேறு. ஆகவே கருவியைக் கழற்றும் முன், கண்ட அறிகுறி எந்தப் பட்டைக்கு உரியது என்று தீர்மானிப்பதே முதல் வேலை. இரத்மலானை விமான நிலையத்தில் பயிற்சி பெறும் நம் பிள்ளைகள் கையேட்டை ஆங்கிலத்தில் படித்து, பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதி, சிந்திப்பதை மட்டும் தமிழில் செய்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பாடசாலையில் நாம் மீடிறன் என்று படித்ததைத் தமிழ்நாட்டு நூல்கள் அதிர்வெண் என்று குறிப்பிடும். இங்கே மீடிறன் என்றே எழுதுகிறேன்.

விமானியிடம் கேட்க வேண்டியவை ஐந்து: எந்த மீடிறனில், எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிப் பறக்கையில், வேறு எந்தக் கருவி அல்லது விளக்கு இயங்கிக்கொண்டிருந்தபோது? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தால், கீழே வரும் பகுதிகளில் எதைப் படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் அளவுகோலை எடுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது விமானத்தின் வயிற்றுப் பகுதியையும் முதுகையும்தான். அன்டெனாவின் நீளம் அதன் பட்டையைச் சொல்லிவிடும். பேச்சுக்குப் பயன்படும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையின் நடுவில், 127 மெகாஹெர்ட்ஸில், அலைநீளம் ஏறத்தாழ 2.36 மீற்றர், அதன் காற்பங்கு 59 சென்ரிமீற்றர். ஆகவே முதுகில் முழங்கை நீளத்துக்குச் சற்று மேலாகச் சாய்ந்து நிற்கும் கம்பி பேச்சுக்கானது. ராடாரின் கேள்விக்குத் தானாக விடை தரும் ட்ரான்ஸ்பொண்டர் பதில் அனுப்பும் 1,090 மெகாஹெர்ட்ஸில் காற்பங்கு அலைநீளம் 7 சென்ரிமீற்றருக்கும் குறைவு. வயிற்றில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளை அல்லது சுறாத்துடுப்பு அந்தப் பட்டைக்கு உரியது. வாலில் இரு மீசைகள்போல விரிந்திருப்பது விஓஆருக்கும் (தரை நிலையத்திலிருந்து திசை காட்டுவது) லோக்கலைசருக்கும் (ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டுவது) பொதுவானது.

இந்தப் பாடத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரே கேபிள் சேதம் எல்லாப் பட்டையையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஈரம் புகுந்த கேபிள் ஒன்று 120 மெகாஹெர்ட்ஸில் ஏதோ சமாளித்துவிடும். அதே நிலையிலுள்ள கேபிள் 1,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சைகையை ஏறக்குறைய விழுங்கிவிடும்.

அறிகுறி: கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது போய்ச் சேரவில்லை

பேச்சுப் பொத்தானை அழுத்தும்போது வானொலியின் முகப்பில் அனுப்புகைக் குறி தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றாவிட்டால் பொத்தான், அதன் வயர், மைக் ஜெக் ஆகியவற்றோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். வானொலிக்குள் போக வேண்டியதில்லை. குறி தோன்றியும் ஹெட்செட்டில் சொந்தக் குரல் கேட்காவிட்டால் மைக்கை மாற்றிப் பாருங்கள். குறியும் தோன்றி, சொந்தக் குரலும் கேட்டு, ஆயினும் எவரும் பதில் சொல்லாவிட்டால் சந்தேகம் அனுப்பும் பகுதி, கேபிள், அன்டெனா ஆகியவற்றின் மீது விழ வேண்டும். சொந்தக் குரல் கேட்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சில அமைப்புகளில் அந்தக் குரல் ஓடியோ பெனலிலிருந்தே திரும்பி வருகிறது. வானில் ஒரு வாட்கூடப் போகாதபோதும் அது கேட்கும்.

இரண்டு வானொலிகள் உள்ள விமானமானால், அன்டெனாக் கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துவதே விரைவான சோதனை. கோளாறு கேபிளோடு சேர்ந்து இடம்மாறினால் பெட்டி குற்றமற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்று இப்படித்தான் என்னிடம் வந்தது. ஓடுபாதைக்கு அருகில் பேச்சு தெளிவு. 20 மைல் போனதும் குரல் தேய்ந்து மறைகிறது. முன்பு பார்த்த இடத்தில் இரண்டு தடவை பெட்டியை மாற்றியிருந்தார்கள். நான் அன்டெனாவின் அடியிலிருந்த நான்கு ஸ்குரூக்களையும் கழற்றி அதை மெல்லத் தூக்கினேன். கெஸ்கட் ஓரமெல்லாம் அரிசிமா தூவியதுபோல வெள்ளைத் தூள். அலுமினியத் தகடு உப்புக்காற்றில் அரித்த தூள் அது. கேபிள் கனெக்டரின் நடு ஊசியைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தது. அடித்தகட்டுக்கும் விமான உடலுக்கும் இடையில் பல கையேடுகள் கேட்கும் மின்தடை 2.5 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும். என் மீற்றர் அதைவிடப் பன்மடங்கு காட்டியது. காற்பங்கு அலைநீள அன்டெனாவுக்கு விமானத்தின் உடல்தான் மறுபாதி. உடலோடு தொடர்பு அறுந்தால் பாதி அன்டெனாவோடு பேசுவது போலாகும். சுரண்டித் துடைத்து, கடத்தும் பூச்சிட்டு, புதிய கெஸ்கட்டும் கனெக்டரும் போட்டு, ஓரத்தை சீலன்ட் கொண்டு அடைத்தபின் அந்த விமானம் இந்த முறைப்பாட்டோடு திரும்பி வரவில்லை. கடற்கரையை ஒட்டிய இரத்மலானையில் நிறுத்தப்படும் எந்த விமானத்திலும் அன்டெனாவின் அடியைப் பார்க்காமல் பெட்டியை அனுப்பக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அன்றிலிருந்துதான்.

அறிகுறி: குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் எதுவும் கேட்கவில்லை

பழுது என்று முடிவுசெய்யும் முன் கணக்கைப் போடுங்கள். இந்தப் பட்டையின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கடல் மைலில் கிடைக்கும். 1,000 அடியில் 39 கடல் மைல். 7,000 அடியில் 103. இரத்மலானையிலிருந்து பலாலி 180 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 7,000 அடியில் வடக்கே பறக்கும் விமானம் பாதிவழியைச் சற்றுத் தாண்டியதும் தரையிலுள்ள இரத்மலானை வானொலியை இழப்பது இயல்பே. மலைநாட்டின் மறுபக்கம் தாழப் பறந்தால் இந்தத் தூரமும் கிடைக்காது, ஏனெனில் இடையில் மலை நிற்கிறது. அதே மலை உச்சி நமக்கு உதவவும் கூடும்: பிதுருதலாகல மலையின் உயரம் 8,281 அடி, அதன் வர்க்கமூலம் 91, ஆக அங்கே வைக்கப்படும் அன்டெனாவின் அடிவானம் கடல் மட்டத்தில் ஏறத்தாழ 112 கடல் மைல்.

அறிகுறி: இரண்டு குரல்கள் மோதிக் கீச்சென்ற சீழ்க்கை எழுகிறது

இது பழுதல்ல. விமானப் பேச்சு இன்றும் வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏஎம்) நடப்பதால், இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது இரு காவி அலைகளின் சிறு மீடிறன் வேறுபாடு சீழ்க்கையாகக் கேட்கிறது. எஃப்எம் முறையில் வலுவான குரல் மெலிந்த குரலை முற்றாக மூடிவிடும். அப்போது மூடப்பட்டவர் பேசியதே எவருக்கும் தெரியாது. சீழ்க்கை கேட்டால் "இருவர் பேசினர், மறுபடி சொல்லுங்கள்" என்று கட்டுப்பாட்டாளர் கேட்க முடிகிறது. இது பழைய முறையின் குறைபாடு என்று சிலர் சொல்வதுண்டு. உயிர்காக்கும் பண்பு என்றே நான் கருதுகிறேன்.

சீழ்க்கையோ என்ஜின் இரைச்சலோ ஓயாமல் நீடித்தால் யாரோ ஒருவரின் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நம் விமானமா என்று அறிய முகப்பிலுள்ள அனுப்புகைக் குறியைப் பாருங்கள். ஹெட்செட்டையும் கைமைக்கையும் ஜெக்கிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். சில வானொலிகள் 35 வினாடிக்குப்பின் தாமாகவே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்.

அறிகுறி: ஸ்குவெல்ச் (சைகை இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் சுற்று) தானாகத் திறந்து இரைகிறது

முதலில் சிகரெட் லைட்டர் துளையில் மலிவான தொலைபேசி சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பழைய விளக்குகளுக்குப் பதிலாகப் போட்ட எல்ஈடி விளக்குகள். இவை இரண்டிலும் உள்ள மின்மாற்றுச் சுற்று வேகமாகத் திறந்து மூடுவதால் எழும் இரைச்சல் பேச்சுப் பட்டைவரை பரவுகிறது. என்ஜினை நிறுத்தி, பட்டரியில் மட்டும் வானொலியை ஓடவிட்டு, ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்து, மற்றக் கருவிகளின் மின் பிரேக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுங்கள். எதை இழுக்கும்போது இரைச்சல் தணிகிறதோ அதுவே மூலம். என்ஜின் ஓடும்போது மட்டும் வரும் இரைச்சல், வேகத்தோடு சுருதி ஏறினால் மின்பிறப்பாக்கியிலிருந்தும், டிக் டிக் என்று வெடித்தால் தீப்பொறிக்கு மின் தரும் மெக்னீற்றோவின் கவசத்திலிருந்தும் வருவதாகக் கொள்ளலாம்.

அறிகுறி: எச்எஃப் (சிற்றலை வானொலி) முற்றிலும் மௌனம்

கொழும்பு விமானத் தகவல் பிராந்தியத்தின் தெற்கும் தென்கிழக்கும் இந்து சமுத்திரம். அங்கே அடிவானத்துக்கு அப்பால் குரல் போக அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் 3 முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரையான சிற்றலைகள் வேண்டும். இந்தப் பட்டையில் பழுதைவிடத் தவறான தெரிவே அதிகம். சூரியன் ஏறினால் மீடிறனை ஏற்றுங்கள், சூரியன் இறங்கினால் இறக்குங்கள்: பகலில் அயனமண்டலத்தின் கீழடுக்கு தாழ்ந்த மீடிறன்களை உறிஞ்சிவிடும், இரவில் உயர்ந்தவை திரும்பாமல் விண்வெளிக்குத் தப்பிவிடும். ஆகவே நண்பகலில் 5 மெகாஹெர்ட்ஸில் எதுவும் கேட்கவில்லை என்றால் 11 அல்லது 13 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்ப் பாருங்கள். வாங்கியை (சைகையைப் பெறும் பகுதியை) சோதிக்கச் சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையம் உதவும். அது 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அது கேட்டால் வாங்கியும் அன்டெனாவும் உயிரோடுள்ளன. பகலில் எல்லா எச்எஃப் மீடிறன்களும் ஒரே நேரத்தில் அடங்கிப்போய், மற்ற விமானங்களும் அதையே சொன்னால், சூரியத் தீப்பிழம்பைச் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள், சில வேளை அதற்கும் மேலாகி, தானாகவே விலகும்.

நிலையம் கேட்டும் குரல் கரகரவென்று வாத்துக் குரலாக ஒலித்தால், ஒற்றைப் பக்கப்பட்டை முறைக்குப் பதிலாக வேறு முறை தெரிவாகியிருக்கிறது, மேற்பக்கப்பட்டைக்கு மாற்றுங்கள். சோதனைக்காக அனுப்பும்போது அன்டெனாவின் அருகில் எவரும் நிற்கக் கூடாது, எரிபொருள் நிரப்பும் வேளையில் அனுப்பவே கூடாது. அந்தக் கம்பியில் தோன்றும் மின்னழுத்தம் தோலைச் சுடும்.

அறிகுறி: ஏடிஎஃப் (தரை நிலையம் இருக்கும் பக்கம் காட்டும் கருவி) முள் நிலையத்தை விட்டு வேறெங்கோ காட்டுகிறது

சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் கொழும்பில் இடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 190 முதல் 1,750 கிலோஹெர்ட்ஸ் வரையான இந்தப் பட்டையில் மின்னலும் ஒரு பலத்த ஒலிபரப்பி. முள் மின்னலை நோக்கித் திரும்பும். கரையோரத்தில் அலை வளைவதாலும், பொழுது சாயும் நேரத்தில் வானலை குறுக்கிடுவதாலும் முள் அலையும். வானம் தெளிந்த நண்பகலிலும், நிலையத்துக்கு அருகிலும் முள் தவறினால் மட்டும் கருவியைத் தொடுங்கள்.

அறிகுறி: விஓஆர் முள் ஆடுகிறது, அல்லது அதன் ஒலியில் பாட்டுக் கேட்கிறது

விஓஆர் தன் திசையை 30 ஹெர்ட்ஸ் சைகைகள் இரண்டின் கட்ட வேறுபாட்டால் சொல்கிறது. சுழலும் புரொப்பெல்லரின் இலைகள் அந்த அலையை வெட்டும் வேகம் இந்த எண்ணோடு பொருந்திவிட்டால் முள் ஆறு பாகைவரைகூட ஆடலாம். என்ஜின் வேகத்தைச் சற்றே மாற்றுங்கள். ஆட்டம் நின்றால் வாங்கியில் பிழையில்லை. லொக்கிலும் அந்த வேகத்தைக் குறித்து மூடிவிடலாம்.

பாட்டு வேறு கதை. எஃப்எம் ஒலிபரப்பு 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமான வழிகாட்டல் பட்டை அதே 108 இல் தொடங்குகிறது. இடையில் வேலி இல்லை. நெருக்கமான எஃப்எம் நிலையங்கள் கொண்ட நகருக்கு மேலே, இரு பலத்த நிலையங்கள் வாங்கியின் முன்சுற்றில் கலந்து, இல்லாத மூன்றாவது மீடிறனை உண்டாக்கும்: உதாரணத்துக்கு 104.5 இன் இருமடங்கிலிருந்து 95.4 ஐக் கழித்தால் 113.6, அது நேராக விஓஆர் பட்டைக்குள் விழுகிறது. இதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் 10 ஆவது இணைப்பில், 1998 முதல் இந்தக் குறுக்கீட்டைத் தாங்கும் வாங்கிகள் வேண்டும் என்று விதித்தது. அதற்கு முந்திய வாங்கியானால் திருத்த முயலாமல் மாற்றுங்கள். புதிய வாங்கியிலும் பாட்டுக் கேட்டால் அன்டெனாக் கனெக்டரைப் பாருங்கள், ஏனெனில் துருவேறிய இணைப்பே ஒரு டயோட்போல நடந்து அலைகளைக் கலக்கும்.

அறிகுறி: லோக்கலைசர் சரி, கிளைட் ஸ்லோப்பில் (இறங்கும் சரிவைக் காட்டுவது) மட்டும் எச்சரிக்கைக் கொடி

விமானி தெரிவது ஒரே எண், 110.3 என்று வைத்துக்கொள்வோம்; ஆனால் கிளைட் ஸ்லோப் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வேறொரு பட்டையில், அதனோடு சோடியாக்கப்பட்ட மீடிறனில் வருகிறது. வேறு வாங்கி, பல விமானங்களில் ஒரே அன்டெனா. 110 இன் மூன்று மடங்கு 330 என்பதால் வாலிலுள்ள அதே மீசை இரண்டு பட்டைக்கும் உதவுகிறது. சைகையைப் பிரிப்பது ஒரு சிறு பிரிப்பான் பெட்டி. ஆகவே இந்த அறிகுறியில் பிரிப்பானையும் அதன் கிளைக் கேபிளையும் முதலில் பாருங்கள்.

அறிகுறி: ராடாரில் நாம் விட்டுவிட்டுத் தெரிகிறோம்

தரை 1,030 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, ட்ரான்ஸ்பொண்டர் 1,090 இல் பதில் சொல்கிறது. வயிற்றிலுள்ள சிறு முளையில் என்ஜின் எண்ணெயும் புழுதியும் பாசிபோலப் படிந்திருக்கும். துணியால் துடைத்த மாத்திரத்தில் சரியான விமானங்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது மட்டும் மறைந்தால் உடலே அன்டெனாவை மறைக்கிறது, அது இயல்பு. 960 முதல் 1,215 வரையுள்ள, தூரம் அளக்கும் டிஎம்ஈயும் பக்கத்துப் பட்டையில் இருப்பதால், ஒன்று துடிக்கும்போது மற்றதை அடக்கி வைக்கும் ஒரு கம்பி இவற்றை இணைக்கிறது. மோதல் தவிர்ப்புக் கருவி தன் சொந்த விமானத்தையே அருகில் வரும் விமானமாகக் காட்டினாலோ, டிஎம்ஈ தூரம் அடிக்கடி விடுபட்டாலோ அந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று தேடுங்கள்.

அறிகுறி: ஜிபிஎஸ் நிலையை இழக்கிறது

இதற்கு அதிக நேரம் ஒதுக்கத் தகும், ஏனெனில் குற்றவாளி பெரும்பாலும் ஜிபிஎஸ் அல்ல. 20,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்து 1,575.42 மெகாஹெர்ட்ஸில் விழும் அந்தச் சைகை, வாங்கியின் சொந்த இரைச்சலுக்கும் கீழே கிடக்கிறது. பக்கத்திலுள்ள பேச்சு வானொலியோ பல வாட்டில் அனுப்புகிறது. 121.175 ஐ 13 ஆல் பெருக்குங்கள்: 1,575.275. 131.275 ஐ 12 ஆல் பெருக்குங்கள்: 1,575.3. அந்த மீடிறன்களில் பேசும்போது பிறக்கும் மடங்கலைகள் ஜிபிஎஸ்ஸின் தலைமேலேயே விழுகின்றன. ஆகவே நிறுவல் கையேடுகள் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஆறிலும் அனுப்பிப் பார்க்கச் சொல்கின்றன. திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி, செய்மதிப் பக்கத்தைத் திறந்து, முதலில் அந்த மீடிறனில் எவரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்து, கோபுரத்திடம் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் அனுப்புங்கள். செய்மதிகளின் பட்டைக்கோடுகள் சரிந்தால் மூலம் கிடைத்துவிட்டது. பிறகு, விபத்தில் தானாகச் சைகை அனுப்பும் அவசர இடங்காட்டியின் அன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள். சரிவு நின்றால், பேச்சு அலையைப் பிடித்து மடங்கலையாகத் திருப்பி விடுவது அந்த இடங்காட்டிதான். பலர் நினைத்தே பார்க்காத இடம் இது.

மாலை ஏழு முதல் நள்ளிரவுவரை, பங்குனி, புரட்டாதி போன்ற சமராத்திரிக் காலங்களில், பல விமானங்களில் ஒரே நேரத்தில் ஜிபிஎஸ் தடுமாறினால் கருவியைத் திறக்காதீர்கள். காந்த நிலநடுக்கோடு இலங்கைக்கு மிக அருகாகச் செல்கிறது. 1963 நவம்பர் 21 இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட் ஏவப்பட்டதற்கும் அந்தக் கோட்டின் அருகாமையே காரணம். பொழுது சாய்ந்தபின் இங்குள்ள அயனமண்டலத்தில் குமிழிகள் எழுந்து, அவற்றினூடே வரும் செய்மதிச் சைகை நட்சத்திரம்போல மினுங்கும். சூரியனின் செயல் மிகுந்த ஆண்டுகளில் இது கூடும்.

அறிகுறி: ரேடியோ உயரமானி வானில் பறக்கையில் தரையைக் காட்டுகிறது

இதை ஒருபோதும் "மறுபடி வந்தால் பார்ப்போம்" என்று தள்ளிவைக்காதீர்கள். 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்தக் கருவிக்கு அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அன்டெனா உண்டு. சீலன்ட் விட்டுப்போய் நீர் புகுந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அலை நேராகக் கசிந்து, தரை மிக அருகில் இருப்பதாகக் கருவி எண்ணிவிடும். 2009 பெப்ரவரி 25 இல் அம்ஸ்டர்டாமில் இறங்கவிருந்த துருக்கிய போயிங் 737-800 இன் இடப்பக்க உயரமானி, ஏறத்தாழ 1,950 அடியில் பறக்கையில் மைனஸ் 8 அடி என்று காட்டியது. தானியங்கி என்ஜின் விசையைக் குறைத்துவிட, வேகம் இழந்த விமானம் ஓடுபாதைக்கு முன்பே வயலில் விழுந்தது. ஒன்பது பேர் இறந்தனர். அதே விமானத்தில் முன்பும் இத்தகைய பிழை தோன்றியிருந்தது.

அறிகுறி: அவசர மீடிறனான 121.5 இல் ஓயாமல் கீழிறங்கும் ஓலம்

மேலிருந்து கீழாகச் சரிந்து, வினாடிக்கு இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப எழும் இந்த ஒலி ஏதோ ஓர் இடங்காட்டியிலிருந்து வருகிறது. 2009 பெப்ரவரி 1 முதல் தேடல் மீட்புக்கான கொஸ்பாஸ்-சார்சாட் செய்மதிகள் 121.5 ஐக் கவனிப்பதில்லை. அவை கேட்பது 406 மெகாஹெர்ட்ஸை. ஆனால் மேலே பறப்பவர்கள் கேட்பார்கள். கைவானொலியை எடுத்து ஹேங்கருக்குள் நடங்கள். ஒலி வலுத்ததும் கைவானொலியின் அன்டெனாவைக் கழற்றுங்கள். அப்போதும் கேட்கும் விமானங்களுக்கு இடையில் மட்டும் தேடுங்கள். வானொலியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுழன்றால், எந்தத் திசைக்கு முதுகு காட்டும்போது ஒலி மிக மெலிகிறதோ அந்தப் பக்கத்தில் இடங்காட்டி இருக்கிறது. கண்டுபிடித்ததும் ஆளியை நிறுத்தி, தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் விமானத்தின் பதிவெண்ணும் சேர்த்து உடனே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு அறிவியுங்கள். 406 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்து அனுப்பும் இடங்காட்டியானால், அதற்குள் தேடல் மீட்பு நிலையத்திலிருந்து உரிமையாளரின் தொலைபேசிக்கு அழைப்பு வந்திருக்கும்.